செம்பு கரையாது, கறுப்புத் தூள் கரையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாகத் (துத்தநாகத்) துண்டை ஐதான (நீர் கலந்த) சல்பூரிக்கமிலத்தில் போட்டதும் குமிழி வந்தது. செம்புக் கம்பியைப் போட்டு ஒரு பாடவேளை முழுக்கப் பார்த்திருந்தும் அசைவே இல்லை. அப்படியென்றால் நீலநிறச் செப்புச்சல்பேற்றைச் செய்வது எப்படி?
– சாதாரண தர மாணவி, ஹட்டன்

பதில்: நாள் முழுக்கப் பார்த்திருந்தாலும் குமிழி வராது. உலோகங்களைத் தாக்கும் திறன்படி அடுக்கும் தாக்கவீதத் தொடரில் செம்பு ஐதரசனுக்குக் கீழே நிற்கிறது. அமிலத்திலுள்ள ஐதரசனை விரட்ட அதனால் ஆகாது. சூடான செறிந்த அமிலத்தில் கரையும்தான், ஆனால் மூச்சை அடைக்கும் கந்தகவீரொட்சைட்டு கிளம்பும். வகுப்பறையில் அந்த வழியே வேண்டாம்.

கம்பியை விட்டுவிட்டுக் கறுப்பு நிறச் செப்பொட்சைட்டை எடுங்கள். அது ஒரு மூலம், அதாவது அமிலத்துடன் சேர்ந்து உப்பும் நீரும் தரும் பொருள். லீற்றருக்கு 1 மூல் செறிவுள்ள அமிலம் 25 மில்லிலீற்றரை முகவையில் இளஞ்சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். தூளைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்குங்கள். 2 கிராம் அளவில் அமிலம் தீர்ந்துவிடும். ஆனாலும் அடியில் கறுப்பு கரையாமல் தங்கும்வரை இன்னும் கொஞ்சம் போடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: அமிலம் மிஞ்சினால், வற்ற வற்ற அது செறிந்து, கடைசியில் தெறிக்கும். மிஞ்சிய தூளோ வடிதாளில் நின்றுவிடும்.

வடித்த நீலக் கரைசலை 10 மில்லிலீற்றர் அளவுக்கு வற்றவைத்து ஆறவிடுங்கள், நீலப் பளிங்குகள் படியும். முற்றாக வற்றவைத்தால் பளிங்கிலுள்ள நீரும் போய் வெள்ளைத் தூள்தான் மிஞ்சும். கணக்குப்படி 6.2 கிராம் பளிங்கு வரவேண்டும். பாதியளவு கரைசலிலேயே தங்கிவிடும், அது உங்கள் பிழையல்ல.

கேள்வி: சுண்ணாம்புக்கல்லில் இதே அமிலத்தை ஊற்றினால் நுரைத்து உடனே நின்றுவிடுகிறதே?
– ஆசிரியர், வெலிமடை

பதில்: கல்சியஞ்சல்பேற்று நீரில் மிகக் குறைவாகவே கரையும். அது கல்லின்மேல் தோலாகப் படிந்து அமிலத்தைத் தடுக்கிறது. ஐதரோகுளோரிக்கமிலம் பாவியுங்கள்.

கேள்வி: பழைய பட்டரி அமிலத்தில், 65 கிராமுக்கு 98 கிராம் அமிலம் என்ற கணக்கில் நாகத்தைக் கரைத்து, நாகசல்பேற்றாக்கித் தேயிலைக்கு அடிக்கலாமா?
– சிறுதோட்டக்காரர், பண்டாரவளை

பதில்: கூடாது. 65 கிராம் நாகத்துக்கு 98 கிராம் தூய அமிலம் என்ற கணக்கு சரிதான். ஆனால் பாவித்த பட்டரி அமிலத்தில் ஈயம் கலந்திருக்கும், நீங்கள் பறிப்பதோ கொழுந்து. மிஞ்சும் அமிலம் இலையையும் கருக்கும். போதாததற்கு, கரையும்போது கிளம்பும் ஐதரசன் ஒரு தீப்பொறிக்கே வெடிக்கும். பயிருக்கென்று விற்கும் நாகசல்பேற்றையே வாங்குங்கள்.