சிபியு சூடு: திரையில் தெரியும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அறையில் 30 டிகிரி. இன்டெல் சிபியு சும்மா இருக்கும்போது 24 காட்டுகிறது. என் கூலர் அவ்வளவு நல்லதா?

பதில்: காற்றோ தண்ணீரோ, எந்தச் சாதாரணக் கூலரும் சிபியுவை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. பிழை சென்சாரில்தான். இன்டெல் சிப்பில் உள்ள சென்சார் "இப்போது இத்தனை டிகிரி" என்று சொல்வதே இல்லை, "வரம்பைத் தொட இன்னும் இத்தனை டிகிரி பாக்கி" என்றுதான் சொல்கிறது. அந்த வரம்புதான் டிஜே மேக்ஸ். பல டெஸ்க்டாப் சிப்களில் அது 100. சென்சார் 62 என்று தந்தால், மென்பொருள் கழித்துவிட்டு 38 என்று காட்டும். சிப் கருகாமல் காப்பதுதான் சென்சாரின் வேலை என்பதால் வரம்பை ஒட்டிய இடத்தில் துல்லியம் அதிகம், கீழே இறங்க இறங்கப் பிழை கூடும். பழைய 45 நானோமீட்டர் கோர் 2 சிப்களில் சில சென்சார்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் சிக்கி நிற்பதும் உண்டு.

கேள்வி: அப்படியானால் மென்பொருளில் 8 டிகிரி ஆஃப்செட் கூட்டிவிடலாமா சார்?

பதில்: கூட்டினால் கீழே சரியாகும், மேலே கெடும். 100இல் வேகத்தைக் குறைக்கும் சிப், திரையில் 108இல் குறைப்பதுபோலத் தெரியும். உங்களுக்கு முக்கியம் மேல்பகுதிதான், அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிழை எவ்வளவு என்று அறிந்தே ஆக வேண்டுமென்றால்: பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) சிபியு வேகத்தையும் வோல்டேஜையும் மிகக் குறைவாக வையுங்கள். கேபினட் பக்கப் பலகையைக் கழற்றி, விசிறியை முழு வேகத்தில் விட்டு, எதையும் ஓட்டாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கூலருக்குள் காற்று நுழையும் இடத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். நல்ல கூலரில் சிபியு அதைவிடச் சில டிகிரிதான் மேலே இருக்க வேண்டும்.

அதற்கு முன் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர், நன்றாகக் கலக்குங்கள். முனை டம்ளரைத் தொடாமல் நடுவில் நின்றால் 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் அந்த 2ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோர் 2 சிப். இரண்டு மென்பொருள்களுக்கு இடையே சரியாக 10 டிகிரி வித்தியாசம், எப்போது பார்த்தாலும்.

பதில்: வித்தியாசம் மாறாமல் இருந்தால் இரண்டும் வெவ்வேறு டிஜே மேக்ஸ் எடுத்துக்கொள்கின்றன. கோர் 2 டெஸ்க்டாப் சிப்களில் அந்த எண்ணைச் சிப்பிலிருந்து படிக்க வழியில்லை, மென்பொருள் ஊகித்தது. 2008இல் வந்த நெஹாலெம் என்ற இன்டெல் தலைமுறையிலிருந்து அந்த எண்ணைச் சிப்பே சொல்லிவிடும்.

கேள்வி: ஏஎம்டி ரைசன் 7 1800எக்ஸ் சிபியு. சும்மா இருக்கும்போதே 55. சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் ஏஎம்டியே 20 டிகிரி கூட்டிக் காட்டுகிறது, 2700எக்ஸில் 10. விசிறிக் கட்டுப்பாட்டுக்கான அந்தக் கூட்டிய எண் டிசிடிஎல் (Tctl), உண்மையான சூடு டிடை (Tdie). மென்பொருளில் டிடை என்ற வரியைப் பாருங்கள், 35 இருக்கும்.

கேள்வி: நான்கு கோர்களில் ஒன்று மட்டும் 9 டிகிரி அதிகம். கூலர் சரியாக உட்காரவில்லையோ?

பதில்: சும்மா இருக்கும்போதும் முழு லோடிலும் அதே 9 என்றால் பெரும்பாலும் சென்சார் வேறுபாடு. சும்மா 2, லோடில் 11 என்று வளர்ந்தால் வெப்பம் சரியாகக் கடத்தப்படவில்லை. எல்லாக் கோர்களுக்கும் ஒரே லோடு கொடுத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் கூலரை 180 டிகிரி திருப்பி, புதுப் பேஸ்ட்டுடன் மாட்டுங்கள். சூடான கோர் இடம் மாறினால் குறை கூலரின் அடிப்பக்கத்தில் அல்லது மாட்டியதில்; மாறாவிட்டால் சிப்பில்.

கேள்வி: பயாஸில் 48, விண்டோஸில் 36. எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். பயாஸ் திரையில் இருக்கும்போது சிபியு தூக்க நிலைகளுக்குள் போவதில்லை, அதனால் சூடு கூடுதல். சில போர்டுகளில் பயாஸ் எண் சிபியு உட்காரும் சாக்கெட் அடியில் உள்ள தெர்மிஸ்டர் என்ற தனி வெப்பச் சென்சாரின் அளவாகவும் இருக்கும்.

கேள்வி: இன்ஃப்ராரெட் கன்னால் அளந்தால் தெரிந்துவிடாதா?

பதில்: சிபியு மூடி பளபளக்கும் நிக்கல் பூச்சு. அது வெப்பக் கதிரைக் குறைவாக வெளிவிட்டு, சுற்றியுள்ளதைப் பிரதிபலிக்கும்; கன் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டினால் அளவு ஓரளவு சரியாகும், ஆனால் அந்த மூடி கூலருக்கு அடியில் அல்லவா இருக்கிறது!

கேள்வி: மென்பொருளில் ஆக்ஸ்டின் (AUXTIN) 127 டிகிரி என்று வருகிறதே, ஆபத்தா?

பதில்: இல்லை. அது போர்டில் கூடுதல் வெப்பச் சென்சாருக்கான, எதோடும் இணைக்காத முனை; அந்த எண்ணுக்குப் பொருளில்லை. மென்பொருளில் அந்த வரியை மறைத்துவிடுங்கள்.