விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அறிவியல் கேள்வி-பதில்

கேள்வி: 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சா ஃபில்டர் (வேண்டிய அலைவரிசைகளை மட்டும் விடும் மேற்பரப்பு ஒலியலை ஃபில்டர்) வடிவமைக்கிறேன். 42 டிகிரி வெட்டு (படிகத்தை அந்தக் கோணத்தில் அறுத்த) லித்தியம் டேண்டலேட் தகட்டில் சூடு ஏற ஏற அலைவரிசை இறங்குகிறது. விரல்களை (தகட்டின் மேல் இரு சீப்புகளின் பற்கள்போல் வரையும் உலோகக் கோடுகளை) எப்படி மாற்றி வரைந்தாலும் பயனில்லை. சிலிக்கான் மேல் ஒட்டிய மெல்லிய டேண்டலேட் தகட்டை வாங்கச் சொல்கிறார்கள். விலைக்கு ஏற்ற பலன் கிடைக்குமா?
- பொறியியல் மாணவி, நிபோங் திபால்

பதில்: கிடைக்கும். ஆனால் அடுக்குகளைப் பற்றி விசாரிக்காமல் வாங்கினால் கிடைக்காது.

முதலில் கணக்கு. உங்கள் தகட்டில் அலை நொடிக்குச் சுமார் 4000 மீட்டர் ஓடுகிறது. 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.2 மைக்ரான், ஒரு விரலின் அகலம் அதில் கால்பங்கு, 0.55 மைக்ரான். இந்த வெட்டின் வெப்பப் பெயர்ச்சி (சூட்டில் அலைவரிசை நகரும் அளவு) டிகிரிக்கு ஏறக்குறைய மைனஸ் 40 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 40 பங்கு. மைனஸ் 30 முதல் 85 டிகிரி வரை எடுத்துக்கொண்டால் மொத்தம் 4600 பிபிஎம், அதாவது 8.3 மெகாஹெர்ட்ஸ். நம் கைப்பேசிகள் 4ஜிக்குப் பயன்படுத்தும் 1800 பட்டையில் அனுப்பும் பகுதி 1785இல் முடிந்து, பெறும் பகுதி 1805இல் தொடங்குகிறது. நடுவில் உள்ள 20இல் 8.3ஐச் சூடே தின்றுவிட்டால், தயாரிப்புப் பிழைக்கும் ஃபில்டரின் சரிவுக்கும் சேர்த்து 11.7தான் மிச்சம். பினாங்கில் மைனஸ் 30 ஏது என்று கேட்காதீர்கள், ஃபில்டர் நமக்காக மட்டும் செய்யப்படுவதில்லை.

பெயர்ச்சிக்குக் காரணம் இரண்டு. சூட்டில் படிகம் இளகுவதால் அலையின் வேகம் குறைகிறது. படிகம் விரிவதால் விரல்களின் இடைவெளியும் கூடுகிறது. டேண்டலேட் அலை ஓடும் திசையில் டிகிரிக்குச் சுமார் 16 பிபிஎம் விரியும், சிலிக்கான் 2.6தான். மெல்லிய டேண்டலேட்டைத் தடித்த சிலிக்கானில் ஒட்டினால் அதை விரியவிடாமல் சிலிக்கான் பிடித்துக்கொள்கிறது. இளகலைச் சரிக்கட்டுவது நடுவில் உள்ள சிலிக்கான் ஆக்சைடு. பெரும்பாலான பொருள்களுக்கு நேர்மாறாக, அது சூட்டில் விறைக்கும். டேண்டலேட் அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள், உங்களுக்கு 0.5 முதல் 0.7 மைக்ரான் வரை இருந்தால்தான் அலையின் ஒரு பகுதி ஆக்சைடுக்குள் இறங்கும். 20 மைக்ரான் டேண்டலேட்டை ஒட்டிய தகடும் விற்கிறார்கள். அதில் விரிவு மட்டுமே அடங்கும்.

எனக்கு முக்கியமாகப் படும் பலன் வேறு. 42 டிகிரி வெட்டில் ஓடுவது கசியும் அலை, ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தகட்டின் ஆழத்துக்கு இழந்துகொண்டே போகும். கீழே சிலிக்கான் இருந்தால், அதன் உள் அலைகள் மேலே ஓடுவதைவிட வேகமானவை என்பதால் ஆற்றல் இறங்க வழியின்றி மேலேயே தங்கிவிடுகிறது. முராட்டா நிறுவனம் ஐஎச்பி என்று பெயரிட்ட அடுக்கமைப்பில் 1.9 கிகாஹெர்ட்ஸில் கியூ மதிப்பு (ஆற்றல் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதன் அளவு) 4000 வரை போனதற்கு இதுவே அடிப்படை.

விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, டேண்டலேட்டின் தடிமன் வரைபடம். சிலிக்கானில் ஒட்டாத தடித்த டேண்டலேட் தகட்டில் தடிமன் மாறினால் அலைவரிசை அசையாது, இந்த மெல்லிய அடுக்கில் அசையும். நடுவிலும் ஓரத்திலும் சோதனை ரெசொனேட்டர் (ஒரே அலைவரிசையில் அதிரும் சிறு அமைப்பு) வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு, சிலிக்கானின் மின்தடைத்திறன் 1000 ஓம்-சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, ஆக்சைடுக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் பாலிசிலிக்கான் (பல சிறு படிகங்களாலான சிலிக்கான்) அடுக்கு உண்டா. ஆக்சைடில் நிலைத்திருக்கும் நேர்மின்னூட்டம் எலெக்ட்ரான்களை இழுத்து, எல்லையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கடத்தியை உருவாக்கிவிடும். பாலிசிலிக்கான் அவற்றைச் சிறைப்பிடிக்கும். விலையைக் குறைக்க இந்த அடுக்கை விட்டுவிட்டு, கியூ ஏன் ஏறவில்லை என்று விரல்களைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கும் தவறு. மூன்று, ஒட்டில் வெற்றிடங்கள். 1 மைக்ரான் தூசி ஒன்று சிக்கினாலே அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒட்டாமல் போகலாம்.

பணம் போதவில்லை என்றால், 128 டிகிரி லித்தியம் நையோபேட் மேல் விரல்களை வரைந்து, அவற்றை ஆக்சைடால் மூடலாம். அப்போது அலுமினியம் வேண்டாம். அதன் அடர்த்தி 2.7, ஆக்சைடின் அடர்த்தி 2.2. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் விரல்களில் அலை சரியாகப் பிரதிபலிக்காது. 8.9 உள்ள செம்பைப் போடுங்கள். ஆக்சைடு தடிக்கத் தடிக்க பெயர்ச்சி குறையும், கூடவே மின்-ஒலி இணைப்பும் குறையும். பட்டை எவ்வளவு அகலமாகலாம் என்பதை முடிவு செய்வது அந்த இணைப்புதான். உங்கள் பட்டையின் அகலம் 75 மெகாஹெர்ட்ஸ், 4 சதவீதத்துக்கு மேல். ஆகவே தாராளமாகத் தடிமனாக்க இடமில்லை.

கேள்வி: ரெசிஸ்ட் (ஒளியுணர் பூச்சு) பூசிய டேண்டலேட் வேஃபரை (வட்டத் தகட்டை) 110 டிகிரி ஹாட்பிளேட்டில் வைத்ததும் பட்டென்று உடைகிறது. உடையாதவற்றிலும் விரல்கள் கருகியிருக்கின்றன. சிலிக்கானில் இப்படி நடந்ததே இல்லை.
- டெக்னீஷியன், பாயான் லெப்பாஸ்

பதில்: சிலிக்கானில் நடக்கவும் நடக்காது. டேண்டலேட் பைரோமின் படிகம்: வெப்பநிலை மாறினாலே இரு முகங்களிலும் மின்னூட்டம் சேரும், கடத்தாத தகடு என்பதால் வடியாது. அரை மைக்ரான் இடைவெளியில் பொறி தாவினால் விரல் கருகும், தகட்டுக்குள் தாவினால் வேஃபர் பிளக்கும்.

நேரே 110இல் வைக்காதீர்கள். அறை வெப்பத்தில் வைத்து நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி ஏற்றுங்கள். இறக்குவதும் அதே வேகத்தில், பிளேட்டின் மேலேயே. சூடான வேஃபரை எடுத்து எஃகு மேசையில் வைத்தால் அங்கே உடையும். பக்கத்தில் அயனைசர் (அயனிகளால் மின்னூட்டத்தை நீக்கும் கருவி) ஓடட்டும். வெளியே எவ்வளவு வியர்த்தாலும், ஏர்கான் உலர்த்திய அறையில் மின்னூட்டம் தானாக வடியாது. விரல்களின் அச்சாகும் முகமூடியில் (மாஸ்க்) இரு சீப்புகளையும் ஒரு மெல்லிய கோட்டால் இணைத்து வரைந்தால், வேலை முடியும்வரை இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். அந்தக் கோட்டை வெட்டும் தடத்தில் போட்டுவிட்டால் டைசிங்கில் (வேஃபரைச் சில்லுகளாக அறுக்கும்போது) தானே அறுந்துபோகும்.

நிரந்தரத் தீர்வு கறுப்பு டேண்டலேட். ஆக்சிஜன் குறைந்த சூழலில் சூடாக்கிக் கடத்துதிறனை ஆயிரக்கணக்கான மடங்கு உயர்த்திய தகடு அது, அழுத்த மின்குணம் (அழுத்தினால் மின்னூட்டம் தரும் குணம்) கெடாது. ஆனால் சிலிக்கானில் ஒட்டிய வேஃபர் என்றால், கறுப்பாக இருந்தாலும் சூட்டில் கவனம் தேவை. 150 மில்லிமீட்டர் வேஃபர் 100 டிகிரி ஏறினால் இரண்டின் விரிவுக்கும் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம். டேண்டலேட் தடிமனாக இருந்தால் வேஃபர் வளைந்து வெடிக்கும்.

கேள்வி: பாஸ்பேண்டில் (ஃபில்டர் விடும் பட்டையில்) சீரான இடைவெளியில் சிற்றலைகள் வருகின்றன. பொருத்துச் சுற்றை மாற்றியும் போகவில்லை. தகடு 0.35 மில்லிமீட்டர்.
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சிற்றலைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 5 அல்லது 6 மெகாஹெர்ட்ஸ் என்றால், விரல்களிலிருந்து கீழே போகும் உள் அலை அடிமுகத்தில் மோதித் திரும்புகிறது என்று பொருள். அலை வேகத்தைத் தடிமனின் இருமடங்கால் வகுத்தால் அதே எண் வரும்: 4000ஐ 0.0007ஆல் வகுக்க 5.7 மெகாஹெர்ட்ஸ். உறுதிப்படுத்த, அடிமுகத்தில் கொஞ்சம் மெழுகை உருக்கித் தடவி மறுபடி அளந்து பாருங்கள். சிற்றலை அடங்கினால் அடிமுகத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்த தகட்டைக் கேட்டு வாங்குங்கள். இரு முகமும் பளபளக்கும் தகடு இந்த வேலைக்கு ஆகாது.