சர்க்கரை நோய் பற்றி இணையத்தில் தமிழில் படிப்பது நோயாளிக்கு உதவுமா, பயத்தைத்தான் கூட்டுமா?

உங்கள் வீட்டிலும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை இருக்கிறது போல. எங்கள் வீட்டில் மாமியாருக்கு.

அவர் செல்பேசியில் படிக்கும் கட்டுரைகளில் பாதி மிரட்டல், மீதி கட்டளை. காலையே வெட்டி எடுக்க வேண்டி வரும், அரிசியைத் தொடவே கூடாது, கடைசியில் 'மருத்துவரை அணுகவும்'. அணுகி என்ன கேட்பது என்று ஒரு வரி இருக்காது. இதையெல்லாம் படித்துவிட்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "பேரன் பிறந்தநாளுக்கு ரெண்டு வாய் கேசரி சாப்பிட்டுட்டேன் டாக்டர்" என்று வாக்குமூலம் கொடுக்கிறார். விடியற்காலையில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியதைச் சொல்லவே இல்லை. நான்தான் குறுக்கே புகுந்து சொன்னேன். டாக்டர் உடனே இரவு மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

"ஏன் அத்தை சொல்லல?" என்று கேட்டால், "சர்க்கரை இறங்கினா நல்லதுதானேம்மா" என்கிறார். அவர் படித்ததெல்லாம் சர்க்கரையை விரட்டும் வழிகள். 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையும் அவருக்குச் சொல்லவில்லை.

டாக்டர் பேச்சைக் கேட்காதே என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். நோயாளியைக் குற்றம் சொல்லாமல், அவமானப்படுத்தாமல் பேசுங்கள், எழுதுங்கள் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமே 2017-ல் பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் 2018-ல் அதே கருத்தில் வழிகாட்டி வெளியிட்டது. மிரட்டினால்தான் நம் ஜனங்கள் கேட்பார்கள் என்பவர்கள், என் மாமியார் எதை மறைத்தார் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவரையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பார்கள். லோ ஷுகர் ஆகும் பயம் இருக்கிற வயதானவர்களுக்கு 8 வரைகூட விடுவதுண்டு. அது தெரிந்தால் ரிப்போர்ட்டைத் தானே பார்த்து நாலு கேள்வி கேட்பார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டித் தரும்போது காலாவதித் தேதி உள்ள பக்கம் கடையிலேயே தங்கிவிடுகிறது. மருந்தின் பெயரும் பாதியில் அறுந்து நிற்கிறது. அளவைக் குறைத்த பிறகு, கையில் இருப்பது 1 மில்லிகிராமா 2 மில்லிகிராமா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேதியும் அளவும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும்.