வாரா வாரம் தொப்பூர் இறங்குபவருக்கு எந்த பென்ஸ்?

வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து வாரா வாரம் குடும்பத்தோடு சேலம் போய்வர பென்ஸ் இ-கிளாஸில் பழைய தலைமுறையான 1996 டபிள்யூ124 டீசலா, பிந்தைய தலைமுறையான 2012 டபிள்யூ212 டீசலா என்று கேட்டிருந்தீர்கள். புதியதையே எடுங்கள். வழியில் வரும் தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் மழை நேரத்தில் வண்டி வழுக்கினால், 212-இல் இருக்கும் இஎஸ்பி என்ற வழுக்கல் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தந்தச் சக்கரத்துக்குத் தனியாக பிரேக் கொடுத்து நேராக்கும். 124-இல் அது கிடையாது. பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கும்போது எனக்கு இதுதான் முதல் கணக்கு.

ஆனாலும் 124 என்ன வண்டி! கதவு சாத்தும் சத்தத்துக்கே வாங்கலாம். காமன்ரெயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் செலுத்தும் முறை) இல்லாததால் சென்சார் தொல்லையும் குறைவு. ஆனால் 15 வருடம் தாண்டியதால் 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஞாயிறு காலை ஓட்ட இரண்டாவது வண்டியாக அப்புறம் வாங்குங்கள்.

212-ஐ முடிவு செய்யும் முன் சர்வீஸ் பதிவுகளைக் கட்டாயம் கேளுங்கள்.