நிறுவனத்தின் பெயரைக் கேட்காமல் பயோடேட்டாவைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: பாயான் லெப்பாஸில் மூன்று ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கோலாலம்பூர் வேலைகளுக்காக ஏஜென்டுகள் திடீரென அழைக்கும்போது தடுமாறிவிடுகிறேன். பிறகு பதிலே வருவதில்லை. எப்படிப் பேச வேண்டும்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வேலை நேரத்தில் வரும் அழைப்பில் அங்கேயே பேசத் தொடங்காதீர்கள். "மாலையில் அழைக்க முடியுமா? அதற்குள் வேலை விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அழைப்பவர் பெரும்பாலும் பொறியாளர் அல்லர். கையிலுள்ள பட்டியலில் 'செலினியம்' (இணையச் செயலிகளைத் தானாகச் சோதிக்கும் மென்பொருள்) என்றிருந்தால், அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வருகிறதா என்றுதான் கவனிப்பார். "கையால் இரண்டு நாள் செய்த சோதனையைச் செலினியத்தில் எழுதி ஒரு மணி நேரத்தில் முடித்தேன்" என்பதுபோல, நீங்கள் உண்மையில் செய்த ஒன்றைச் சொன்னால் போதும்.

அடுத்து, இப்போதைய சம்பளத்தைக் கேட்பார்கள். புதிய வேலையின் மதிப்பைப் பழைய சம்பளச் சீட்டு தீர்மானிக்கும் இந்த வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ! "இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கையைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"எப்போது சேர முடியும்?" என்றால் "ஒரு மாதம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலமே கணக்கு. அதில் எதுவும் எழுதாதிருந்தால் மட்டும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் குறுக்கிடும்: இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு 4 வாரம், ஐந்தாண்டுக்குள் 6, அதற்கு மேல் 8. கடிதம் மௌனமாக இருந்தால் உங்களுக்கு 6 வாரம். முன்னதாக விலக வேண்டுமானால், மீதி நாட்களுக்கான சம்பளத்தை முதலாளிக்குக் கட்டிவிட்டுப் போகலாம். புதிய நிறுவனம் அதை ஏற்குமா என்று அழைப்பிலேயே கேளுங்கள்.

என் உண்மையான கவலை வேறு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமலே சில ஏஜென்டுகள் பயோடேட்டாவை வாங்கி நாலு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரே ஆளின் விண்ணப்பம் இரு ஏஜென்டுகள் வழியாக வந்தால், கமிஷன் தகராறுக்குப் பயந்து நிறுவனம் அவரையே ஒதுக்கிவிடுவதுண்டு. தவறு யாருடையது, தண்டனை யாருக்கு? "என்னைக் கேட்காமல் எங்கும் அனுப்பாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுங்கள். ஏஜென்சிக்கு ஆள்பலத் துறையின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் சட்டப்படி அது கட்டாயம். முதல் அழைப்பிலேயே மைகாட் (அடையாள அட்டை) நகலோ 'பதிவுப் பணமோ' கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.