கூண்டில் அழும் மூன்று மாத லாப்ரடார் குட்டி

வணக்கம். கூடத்தில் கம்பிக்கூண்டில் விட்டுப் பூட்டியதும் குட்டி விடியும்வரை அழுவதாகவும், உள்ளேயே ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே பிடிவாதத்தின் அடையாளம் அல்ல.

குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால், அது சிறுநீரை அதிகபட்சம் எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்குத் தோராயக் கணக்கு கிடைக்கும். ஆகவே மூன்று மாதக் குட்டி எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. இரவில் ஒரு முறையாவது, விளையாட்டுக் காட்டாமல், வெளியே அழைத்துச் சென்று வாருங்கள். வளர்ந்த பிறகும் உதவட்டும் என்று பெரிய கூண்டாக வாங்கியிருக்கிறீர்கள் (நாங்களும் இதே சிக்கனத்தைச் செய்தவர்கள்தாம்). அதனால் படுக்க ஒரு மூலையும் அசுத்தம் செய்ய மறு மூலையும் அதற்கு வாய்த்துவிடுகின்றன. எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் போதுமான இடத்தை மட்டும் விட்டு நடுவே தடுப்பைப் பொருத்துங்கள்.

அழுகையைப் பொறுத்தவரை, கூண்டை உங்கள் கட்டிலருகே மாற்றுவதே பாதி மருந்து. பகலில் கதவைத் திறந்தே வைத்து, உணவை உள்ளே கொடுத்து, குட்டி தானாகச் சென்று படுக்கத் தொடங்கிய பின்னரே கதவைச் சில நிமிடங்கள் சாத்திப் பழக்குங்கள். செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக உள்ளே தள்ளுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கழுத்துப்பட்டை கம்பியில் சிக்கக்கூடும் என்பதால் அடைக்கும் முன் கழற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எச்சில் ஒழுக, மூச்சிரைத்துக் கம்பியைக் கடித்தால் அது பீதி. பூட்டுவதை விட்டுவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.