அழிவு மீனும் அம்மாயியின் பயமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. வரிசையாக நிற்கும் சிப்பாய்கள், அவர்கள் கைகளில் வெள்ளி நிறத்தில் நீளமான மீன். ‘அழிவு மீன். இது கரைக்கு வந்தால் பூமி அதிரும், சுனாமி வரும்’ என்று கீழே எழுதியிருக்கிறது. என் அம்மாயி அதைப் பார்த்துவிட்டு, திருகோணமலையில் கடலோரம் இருக்கும் மாமாவை உடனே இங்கே வரச் சொல்லி அழுகிறார். இதில் உண்மை இருக்கிறதா? இன்னொன்று, மலையிலேயே வளரும் என் பிள்ளைகள் ஏன் இந்த மீன்மேல் இவ்வளவு பைத்தியமாக இருக்கிறார்கள்?

அன்புடன்,
சு.

அன்புள்ள சு.,

முதலில் அம்மாயிக்கு. மாமா வீட்டை விட்டு வர வேண்டியதில்லை. அந்த மீன் ஓர்ஃபிஷ், அதாவது துடுப்பு மீன். ஆழ்கடல் அரசனின் தூதன் என்று ஜப்பானில் பழைய நம்பிக்கை உண்டு. 2011 பூகம்பத்துக்கு முந்திய ஓரிரு வருடங்களில் அங்கே சில மீன்கள் கரையொதுங்கியதால் அந்த நம்பிக்கை வேகம் பிடித்தது. ஜப்பானிய ஆய்வாளர்களே அதைச் சோதித்தார்கள். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 பதிவுகளை 221 பூகம்பங்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று.

அந்தப் படம் உண்மையானதுதான், கதைதான் பொய். 1996இல் கலிஃபோர்னியாவின் கொரனாடோ கடற்கரையில் அமெரிக்கக் கடற்படையினர் கண்டெடுத்த மீன் அது, சுமார் 7 மீற்றர். அதே படம் மீகொங் ஆற்றில் பிடிபட்ட நாகராணி என்ற பெயரில் தாய்லாந்து, லாவோஸ் பக்கம் வருடக்கணக்காகச் சுற்றியது. 2004 சுனாமிக்குப் பிறகு வந்த ‘சுனாமி ஒதுக்கிய விசித்திர மீன்கள்’ மின்னஞ்சலும் இப்படித்தான். அந்தப் படங்கள் 2003இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கடல்களில் நடந்த ஓர் ஆய்வுப் பயணத்தில் எடுத்தவை. செத்துப்போன உறவுகளைத் தேடிக்கொண்டிருந்த ஊருக்கு அவை வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, மீனுக்கு வருவோம். உங்கள் பிள்ளைகள் பைத்தியமாக இருப்பது எனக்குச் சந்தோஷம். முள்ளெலும்பு உள்ள மீன்களில் இதைவிட நீளமானது உலகத்தில் இல்லை. 8 மீற்றர் வரை வளர்வது உறுதியாகத் தெரியும், 11 என்றும் சொல்கிறார்கள். உடம்பில் செதில் கிடையாது. தலையிலிருந்து வால்வரை முதுகு நெடுகச் சிவப்புத் துடுப்பு. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கூனி மாதிரிச் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்கிறது. 1,000 மீற்றர் ஆழம் வரை வாழ்கிறது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால் ஹோட்டன் சமவெளியின் உலக முடிவைச் சொல்லுங்கள். அந்தப் பாதாளம் ஏறக்குறைய 880 மீற்றர். அதையும் தாண்டிய ஆழத்தில், இருட்டில் இந்த மீன் திரியும்.

நாம் கரையில் பார்ப்பது எல்லாமே செத்த மீன் அல்லது சாகப்போகும் மீன். நோயோ காயமோ வந்து, நீரோட்டத்தை எதிர்க்கத் தெம்பில்லாமல் மேலே வந்துவிடுகிறது. 1772இலேயே விஞ்ஞானப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் தன் இடத்தில் அது உயிரோடு எப்படி நடமாடுகிறது என்பதைச் சரியாகப் படம் பிடிக்க 2008வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2008க்கும் 2011க்கும் இடையில் மெக்சிக்கோ வளைகுடாவில், எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்க இறக்கிய கருவிகளின் கெமராக்களில் ஐந்து தடவை அகப்பட்டது. தலை மேலே, வால் கீழே என்று நேராக நிற்கிறது. உடம்பை நெளிக்காமல் அந்தச் சிவப்புத் துடுப்பை மட்டும் அலையலையாக அசைத்து நகர்கிறது. அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. சிப்பாய்கள் படத்துக்குப் பதிலாக வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுங்கள், தயவுசெய்து.

அப்புறம், நம் கடலும் சாதாரணமானதல்ல. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. 1976இல் ஹவாயில் முதன்முதலாக அகப்பட்ட பெருவாய்ச் சுறா இலங்கைக் கடலிலும் இருப்பது 2015இல் ஆய்விதழில் பதிவானது. நம் பக்கத்துக்குக் கடல் வந்து சேர்வது சந்தைக் கருவாடாகத்தான். அதனால்தான் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆசை என்று நினைக்கிறேன். அந்த ஆசைக்குப் பயத்தைத் தீனியாகப் போடுகிறவர்கள்மேல்தான் என் வருத்தமெல்லாம்.

பயப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன. மாமாவிடம் சொல்லுங்கள்: நிலம் பலமாக, நீண்ட நேரம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ எதற்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும். நமக்கு மலை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை உங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா மறந்திருக்க மாட்டார்கள். அடைமழையில் சரிவில் புது வெடிப்பு, சாயும் மரங்கள், ஊற்றுத் தண்ணீர் திடீரெனச் சேறாவது, இவைதான் நாம் படிக்க வேண்டிய அறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டால் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

வீடியோவைப் பார்த்தபின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதி அனுப்புங்கள். தெரிந்தவற்றுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்